கையெழுத்தில் தெரிந்த கல்லீரல் நோய்

(ஆரணியில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லீரல் நோய்கள் பற்றிப் பேச வேண்டும் என்று என்னிடம் சொன்னபோது, "சார், நான் டாக்டர் இல்லையே, பி.எஸ்சி., பி.எட். தானே" என்றேன். "டாக்டர் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் பேசினால் குறுக்குக் கேள்வி கேட்பார்கள், அதுதான் வேண்டும்" என்றார் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர். ஆகவே தயங்காமல் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் கையில் இருப்பது ஒரு பழைய அறிவியல் நோட்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடையது. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்து வந்திருக்கிறேன். பெயர் தெரியாமலிருக்க அட்டை மாற்றிப் போட்டிருக்கிறேன். ஜூன் மாதத்துப் பக்கத்தைப் பாருங்கள். முத்துக் கோத்தது போன்ற எழுத்து. செல்லின் படத்தை அச்சு மாதிரி வரைந்திருக்கிறான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, புட்டா போட்டுப் பழகிய கை. இப்போது டிசம்பர் பக்கம். எழுத்து சுருங்கிக் கோணி, கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. ஒரு வட்டத்தை முடிக்க முடியவில்லை. பென்சில் குத்தித் தாள் கிழிந்திருக்கிறது. கீழே சிவப்பு மையில், "கவனக்குறைவு. பத்து முறை எழுதி வா."

அந்தச் சிவப்பு மை என்னுடையது. அந்தப் பையனுக்கு இருந்தது கவனக்குறைவு அல்ல, கல்லீரல் நோய். கல்லீரலுக்கும் கையெழுத்துக்கும் என்ன தொடர்பு என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் கல்லீரல் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

நம்மூர் ரைஸ் மில்லை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். எந்த வயலில் விளைந்த நெல்லானாலும் முதலில் மில்லுக்குள் போகிறது. அங்கே அவித்து, காயவைத்து, உமி, தவிடு, குருணை என்று பிரித்து, மூட்டை கட்டிய பிறகுதான் கடைக்குப் போகிறது. நாம் சாப்பிட்ட உணவும் அப்படித்தான். குடலில் உறிஞ்சப்பட்டதைச் சுமந்த இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் போகிறது. வலப்பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒன்றரை கிலோ அளவில் இருக்கும் அந்த உறுப்பு, மிகுந்த சர்க்கரையைக் கிளைகோஜனாகக் கட்டி வைக்கிறது. நச்சான அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. இரத்தம் உறைவதற்கான புரதங்களையும், இரத்த நாளத்துக்குள் நீரைப் பிடித்து வைக்கும் அல்புமினையும் செய்கிறது. கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் சுரக்கிறது. ஆயுள் முடிந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளுகிறது.

மில் பழுதானால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். பிலிருபின் வெளியேறாவிட்டால் கண் வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் கட்டிய டீத்தண்ணீர் நிறத்தில் போகும். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் வெளுத்துப் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். அல்புமின் குறைந்தால் கால் வீங்கும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். உறையும் புரதம் குறைந்தால் ஈறில் இரத்தம் கசியும், சின்ன இடிக்கெல்லாம் தோல் கன்றிப் போகும். அம்மோனியா மூளைக்கு ஏறினால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழப்பம், கடைசியில் நினைவிழப்பு. ஒரு உறுப்பின் கோளாறு கண்ணிலும் காலிலும் ஈறிலும் மூளையிலும் தெரிவது இதனால்தான்.

ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் தெரிபவை. கல்லீரலின் சதைக்குள் வலி உணரும் நரம்புகள் இல்லை, மேல் உறையில் மட்டும்தான் உண்டு. பாதிக்கு மேல் கெட்டாலும் மீதியை வைத்துக்கொண்டு வேலை நடத்தும். வெட்டினால் வளரவும் செய்யும். 1998 நவம்பரில் தில்லி அப்போலோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. அந்தக் குழந்தை நமக்குப் பக்கத்துப் பட்டு ஊரான காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்தது. தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தார்கள். வெட்டிய பகுதி குழந்தையோடு சேர்ந்து வளர்ந்தது, தந்தையின் கல்லீரலும் வளர்ந்துகொண்டது. அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவரானார். கைக்குழந்தை உள்ள ஆசிரியைகள் இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம்தான். ஆனால் 14 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பித்தநாள அடைப்புக்கான அறுவையை முதல் 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

இனி மஞ்சள் காமாலை. நம் பிள்ளைகள் விடுப்புக் கடிதத்தில் அதிகம் எழுதும் நோய். ஆனால் அது நோயின் பெயரே அல்ல. காய்ச்சல் எப்படி ஒரு அறிகுறியோ அப்படித்தான் காமாலையும். பத்து வெவ்வேறு நோய்கள் அதே மஞ்சளைத் தரும். இதைப் புரிய வைப்பதுதான் நம்மூரில் கடினம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ வைரஸால். இன்னொன்று ஹெபடைடிஸ் ஈ. இரண்டும் மலம் கலந்த தண்ணீரால் பரவுகின்றன. 1955-56 குளிர்காலத்தில் தில்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஈ வகை என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஈ வகை கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்து. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காமாலை என்றால், கர்ப்பமாக இருக்கும் ஆசிரியை முதலில் பள்ளித் தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். (சிரிப்பு) கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

ஏ வகை வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே குணமாகிவிடுவார்கள். இங்கேதான் கீழாநெல்லி வருகிறது. நம் ஊர்ப்பக்கம் காமாலை என்றால் மோரில் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது, உப்பு எண்ணெய் இல்லாத பத்தியம், சிலர் கண்ணில் சாறு விடுவது. மூன்று வாரத்தில் மஞ்சள் போய்விடும். "பார்த்தீங்களா டீச்சர், இலை கேட்டுது" என்பார்கள். இலை குடிக்காத பிள்ளைக்கும் மூன்று வாரத்தில் போயிருக்கும் என்பதை எப்படிக் காட்டுவது? அறிவியல் ஆசிரியர்கள் இதற்கென்றே ஒரு பாடவேளை ஒதுக்கலாம். ஒப்பீட்டுக் குழு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரில் கிடையாது.

கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். பி. தியாகராஜன், பின்னர் துணைவேந்தராகவும் இருந்தவர், அதை முறைப்படி சோதித்தார். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் கூட இருந்தார். பி வைரஸை உடம்பில் சுமந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மருந்து. 1988-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பொடி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது, வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் சோதித்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் அது இன்றுவரை பி வகைக்கு நிரூபிக்கப்பட்ட மருந்தாகவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது என்னவென்றால், நம் வேலியோரச் செடியை ஏற்கவும் மறுக்கவும் ஒரே அளவுகோலை வைத்தார்கள் என்பது. என் பயம் கீழாநெல்லி மீது அல்ல. அதைக் குடித்துவிட்டு, எதனால் வந்த காமாலை என்று பார்க்காமல் விட்டுவிடுகிறோமே, அதன் மீது. பத்தியம் என்ற பெயரில் வளரும் பிள்ளையை அரைப்பட்டினி போடுவதும் தேவையில்லாதது. கண்ணில் எதையும் விடவே கூடாது.

பி, சி வகைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இவை இரத்தம் வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகின்றன. பி வகை உடலுறவாலும் பரவும். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது, ஆகவே பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்தவுடன் ஒன்று, பிறகு ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். ஆக நம் மாணவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, நாற்பதைத் தாண்டிய நமக்குத்தான் பெரும்பாலும் இல்லை! சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் முழுதாகக் குணமாகிவிடுகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மது பற்றி நீங்கள் அறியாததை நான் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை வராத பிள்ளையின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த அப்பா ஏன் திடீரென்று இரத்த வாந்தி எடுக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்த கல்லீரல் தழும்பேறிக் கல்லாகிறது. சிரோசிஸ் என்பது அதுதான். குடலிலிருந்து வரும் இரத்தத்துக்கு அதற்குள் வழி இல்லை. பாலத்தை அடைத்தால் வண்டியெல்லாம் சந்துக்குள் புகுமே, அதுபோல் உணவுக்குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய நாளங்களில் இரத்தம் ஏறி, அவை புடைத்து, ஒரு நாள் வெடிக்கின்றன. குடிக்காதவர்களுக்கும் இதே சிரோசிஸ் வரும், வைரஸால், கொழுப்பால். கொழுப்புக் கல்லீரல் என்பது நம்மைப் போல் உட்கார்ந்து திருத்தி, நின்று பேசி, வேறு எதற்கும் நடக்காதவர்களின் நோய். வயிற்று ஸ்கேன் எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இங்கே பாதிப் பேர் தூக்குவீர்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே பெருமளவு கொழுப்பு வடிந்துவிடும். ஆரணி அரிசியைக் குறை சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறேன்.

தறி வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. எலி ஒரே இரவில் பாவைக் கடித்து, பல நாள் உழைப்பைப் பாழாக்கிவிடும். அதனால் எலி மருந்து வாங்கி வைக்காத வீடு குறைவு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டிருக்கிறது. ஆனாலும் வாங்கி வைத்த பழைய டியூப் பரணில் கிடக்கும். பற்பசை மாதிரியே இருக்கும். சின்னப் பிள்ளை வாயில் வைத்துவிட்டால் முதல் இரண்டு நாள் சற்று வாந்தி, பிறகு நன்றாக இருப்பது போலவே இருக்கும். அந்த நாட்களில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். "இப்ப நல்லாதானே ஆடறான்" என்று விட்டுவிடக் கூடாது, டியூபையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு முறை சொல்லுங்கள் போதும்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

அந்தப் பையனுக்கு ஆறாம் வகுப்பில் ஒரு முறை காமாலை வந்திருந்தது. பக்கத்துக் கிராமத்தில் இலை கொடுத்தார்கள். மஞ்சள் போய்விட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை ஓவியப் போட்டி என்றால் அவன்தான். ஒன்பதாம் வகுப்பில் பூஜை விடுமுறைக்குப் பிறகு கையெழுத்து மாறியது. வாசிக்கச் சொன்னால் குழறினான். வாயோரம் எச்சில் நின்றது. காரணமில்லாமல் சிரித்தான், ஒரு நாள் காரணமில்லாமல் பக்கத்துப் பையனை அடித்துவிட்டான். செல்போன் பார்த்துக் கெட்டுப்போய்விட்டான் என்று ஆசிரியர் அறையில் முடிவு செய்தோம். நான் பத்து முறை எழுதச் சொன்னேன். எழுதி வந்தான். பத்துப் பக்கமும் கோணல். அதைப் பார்த்து இன்னும் கோபப்பட்டேன்.

முதலில் புரிந்துகொண்டது நான் அல்ல, அவன் அப்பா. விடுமுறை நாளில் மகனைக் குழித்தறியில் உட்கார வைத்திருக்கிறார். மிதியை மாற்றி மிதிக்க வரவில்லை, நாடா கையை விட்டு விழுந்துகொண்டே இருந்தது. "அவன் அஞ்சு வயசுல இருந்து தறிச் சத்தத்துல வளர்ந்தவன் டீச்சர், இது படிப்புக் கோளாறு இல்ல, உடம்புக் கோளாறு" என்று என்னிடம் வந்து சொன்னார். அரசு மருத்துவமனையில் காட்ட, அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் பார்த்தது மூளையையோ வயிற்றையோ அல்ல, கண்ணை. விளக்கு வைத்த கருவியில், கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையம். பிறகு இரத்தப் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு. வில்சன் நோய் என்றார்கள்.

நாம் சாப்பிடும் சாதாரண உணவிலேயே நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு இருக்கிறது. உடம்புக்குத் தேவையானது மிகச் சிறிது. மிகுந்ததைக் கல்லீரல் பித்தநீரில் தள்ளி வெளியேற்றும். அதற்கென ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணு பழுதானால் வெளியேறும் கதவு திறப்பதில்லை. செம்பு கல்லீரலிலேயே தங்குகிறது. முதலில் கல்லீரல் கெடும், ஆறாம் வகுப்பில் வந்த காமாலை அதுவாக இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். கல்லீரல் நிரம்பியதும் செம்பு இரத்தத்தில் கசிந்து மூளையில், அசைவுகளைச் சீராக்கும் பகுதியில் படிகிறது. கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது, குணம் மாறுகிறது. கண்ணில் படிந்ததுதான் அந்த வளையம். கல்லீரல் மட்டும் கெட்டிருக்கும் பிள்ளைகளுக்கு வளையம் இல்லாமலும் இருக்கும். கெய்சர், பிளைஷர் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் 1902, 1903-இல் அந்த வளையத்தைப் பார்த்து எழுதினார்கள். 1912-இல் லண்டனில் கின்னியர் வில்சன் மூளையையும் கல்லீரலையும் இணைத்து நோயை விளக்கினார். அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது மரண நோயாகவே இருந்தது. 1956-இல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர், பென்சிலமைன் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் என்று காட்டினார். நோயாளிக்குக் கொடுக்கும் முன் தானே ஒரு வேளை விழுங்கிப் பார்த்தார் என்பார்கள். இன்று அதோடு துத்தநாக மாத்திரையும் உண்டு. கல்லீரல் நோய்களில் இப்படி மாத்திரையால் கட்டுக்குள் நிற்கும் பரம்பரை நோய் மிகக் குறைவு, ஆனால் கண்டுபிடித்தால்தான்.

அவன் அப்பா என்னிடம் கேட்ட கேள்வியை மறக்க முடியாது. "சரிகையில செம்பு இருக்கே டீச்சர், பரம்பரையா அதைத் தொட்டுப் பொழைக்கிறோம், அதனாலயா?" இல்லை. சரிகையைத் தொடுவதால் வருவதல்ல, உணவில் எல்லோருக்கும் வரும் செம்புதான், வெளியே போகவில்லை, அவ்வளவே. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். அடுத்த கேள்விக்கு நிம்மதி தரும் பதில் என்னிடம் இல்லை. அவர் மணந்திருப்பது சொந்த அக்கா மகளை.

பத்தாம் வகுப்பில் மெண்டல் நடத்துகிறோமே, இரண்டு நெட்டைப் பட்டாணிச் செடிகளிலிருந்து ஒரு குட்டைச் செடி வருவதைக் கட்டம் போட்டுக் காட்டுகிறோமே, அதுதான் இது. அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பழுதான மரபணு மறைந்திருக்கும், இருவரும் நலமாகவே இருப்பார்கள். இரண்டும் ஒன்றுசேரும் பிள்ளைக்கு நோய், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே குடும்பத்துக்குள் மணம் முடிக்கும்போது அதே பழுது இருபுறமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்தியாவில் சொந்தத்தில் மணம் முடிப்பது மிகுதியாக உள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்பதல்ல, சொந்தம் இல்லாதவர்களுக்கும் வரும். வகுப்பில் நடத்தும்போது எந்தப் பிள்ளையும் தன் அம்மா அப்பாவைக் குற்றவாளியாகப் பார்க்காதபடி நடத்த வேண்டும். எனக்கு அது இன்னும் சரியாகக் கைவரவில்லை. பட்டாணியோடு நிறுத்திவிட்டு, யாராவது கேட்டால் மட்டும் தொடர்கிறேன்.

நான்கில் ஒன்று என்றதும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கூடப் பிறந்தவர்கள் உண்டா?" ஒரு தங்கை, ஏழாம் வகுப்பு. ஓடி ஆடும் பெண், ஒரு குறையும் இல்லை. "அவளுக்கு ஒண்ணுமில்லயே, எதுக்கு ஊசி குத்தணும்" என்று அம்மா மறுத்தார். தார் சுற்றிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பேசினேன். பரிசோதித்ததில் அவளுக்கும் இருந்தது. மாத்திரை தொடங்கினார்கள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த நோயின் ஒரு அறிகுறியும் அவள் உடம்பில் வந்ததில்லை.

அண்ணனுக்கு அப்படி முடியவில்லை. பேச்சு ஓராண்டில் தெளிந்தது. கை பாதி திரும்பியது. மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுக்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு வகுப்பில் தண்ணீர் பாட்டிலோடு எழுவான். யார் பாடம் நடத்தினாலும் கேள்வி கேட்காமல் விட வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லி வைத்தேன். ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று செயலிழந்து உயிரே போகலாம். பிளஸ் ஒன்னில் ஒரு முறை நிறுத்தப் பார்த்தான், "மாத்திரை" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். பட்டப்பெயர் வைத்தவனையே பாட்டில் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பில் போட்டேன். சரியாகிவிட்டது.

வில்சன் நோய் அரிது, பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு. நீங்கள் பணி ஓய்வு பெறும்வரை ஒருவரைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் நன்றாக எழுதிய பிள்ளையின் எழுத்து சில மாதங்களில் சிதைவது, பேச்சு குழறுவது, குணம் மாறுவது, காமாலை இரண்டாம் முறை வருவது அல்லது ஒரு மாதம் தாண்டியும் போகாமலிருப்பது, யூனிஃபார்ம் வயிற்றில் மட்டும் இறுகுவது, மாலைக்குள் சாக்ஸ் தடம் காலில் ஆழப் பதிவது, பகலெல்லாம் பெஞ்சில் தூங்குவது, இவற்றை வீட்டாரைவிட நாம்தான் முன்னால் பார்க்கிறோம். எது என்ன நோய் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் ஜூன் நோட்டையும் டிசம்பர் நோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். நான் காட்டவில்லை. என்னிடம் இரண்டும் இருந்தன.

கடைசி வரிசையில் ஒரு சார் கை தூக்குகிறார். செம்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கலாமா என்கிறீர்களா? நலமாக இருப்பவர்கள் குடிக்கலாம், உங்கள் கல்லீரலின் கதவு திறந்திருக்கிறது. புளித்தது எதையும் அதில் ஊற்றி வைக்காதீர்கள். இந்த நோய் உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தைத் தொடவே கூடாது. ஈரல், காளான், கொட்டைப் பருப்பு வகைகள், சாக்லேட் ஆகியவற்றையும் குறைக்க வேண்டும். செலவா? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவைகூட அடங்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். வருமானச் சான்று வாங்க அலைவதற்கு நாம் ஒரு நாள் கூடப் போனால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

பையன் இப்போது என்ன செய்கிறான் என்று மேடம் கேட்கிறார். தறியில் உட்காரவில்லை. ஜக்கார்டு டிசைனைக் கணினியில் வரைகிறான், மவுஸ் அவன் கை நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறதாம். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தான். இந்த நோட்டைக் கேட்டேன், கொடுத்தான். கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தில் முகவரி எழுதித் தந்திருக்கிறான். "ஆரணி"யில் "ணி" மட்டும் கொஞ்சம் கோட்டை விட்டு இறங்கியிருக்கும், பாருங்கள். நோட்டைச் சுற்றுக்கு விடுகிறேன், பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.